ஆண் தொட்டி, பெண் தொட்டி

பிப்ரவரி 3

தேர்வு முடிவு வந்துவிட்டது. இளநிலை வரைதொழில் அலுவலர். பட்டியலில் என் எண் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன், அப்புறம் அறைக் கதவைச் சாத்திவிட்டு நான்காவது தடவை பார்த்தேன். மார்ச் இருபதாம் தேதி சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கட்டாயம். அசல் இல்லாதவரை நீக்கிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

என் அசல் எல்லாம், பத்தாம் வகுப்பிலிருந்து பி.இ. வரை, சேர்மன் அறை பீரோவில் இருக்கின்றன. இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்கிற அன்றே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வாத்தியார் ஓடிவிடாமல் இருக்க அதுதான் கயிறு. ராஜினாமா கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் அந்த அறை வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கலாம் என்று பதினொரு மணிக்கு வரவேற்பறைக்குப் போனேன். உள்ளே ஒரே களேபரம். வாஸ்துவுக்காகப் போன மாதம் வைத்த மீன் தொட்டியில் ஒரு மீன் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. கப்பி மீன் முட்டையிடாது, குட்டிதான் போடும். மகளைச் சேர்க்க வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. சேர்மன் முகம் கறுத்திருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

சேர்மன் நாச்சிமுத்து கூப்பிட்டனுப்பினார். அவருக்கு முன்பு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் இருந்தன. இப்போது பொறியியல் கல்லூரி இருக்கிறது. கொட்டகையின் ஓடுகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார், மற்றபடி நிர்வாக முறையில் பெரிய மாற்றமில்லை.

"ஏம்மா வெண்மணி, நீ பயாலஜி படிச்சவதான?"

"நான் சிவிலுங்கய்யா."

"ப்ளஸ் டூவுல?"

"ப்ளஸ் டூவுல இருந்துச்சுங்க."

"அப்பறமென்ன? நேத்துப் பாத்தயல்ல. கரூர்ல இருந்து ஒரு பார்ட்டி, பொட்டப்புள்ளயச் சேக்க வந்துருக்கறாங்க. நம்ம காலேஜுல பையனும் புள்ளயும் பேசிக்கறதே இல்லீங்கன்னு நான் சொல்லிட்டு இருக்கறேன். எனக்குப் பின்னால தொட்டியில இந்தக் கூத்து. அந்தம்மா பையத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

"மீன் தானுங்கய்யா…"

"மீனுன்னா? காம்பவுண்டுக்குள்ள இருந்தா அல்லாத்துக்கும் ஒரே ரூல்ஸ்தான். ஆணத் தனியா, பொண்ணத் தனியாப் பிரிச்சு வுட்டுரு."

அந்த ரூல்ஸை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாரும் நம்ப மாட்டார்கள். பெண்களுக்கு இடது மாடிப்படி, ஆண்களுக்கு வலது. பேருந்தில் நடுவே திரை. நூலகம் ஒருநாள் அவர்களுக்கு, மறுநாள் இவர்களுக்கு. ஆசிரியர்களில் ஆணும் பெண்ணும் பேச வேண்டுமென்றால் இரண்டு டைல்ஸ் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தரையில் டைல்ஸ் பெரியது.

சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கவர்மெண்டு வேலையா? நல்லாயிரு. மீனு மேட்டர முடிச்சுக் குடு. ஒரு குட்டி புதுசா இல்லாமத் தொட்டியக் காட்டு. நானே பீரோவத் திறந்து எடுத்துக் குடுக்கறேன்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை.

பிப்ரவரி 5

எனக்கு முன்னால் ரங்கராஜு முந்திக்கொண்டார். டிசிப்ளின் ஆபீசர். கழுத்தில் விசில் தொங்கும். "ஒழுக்கம்னா அது என் டிபார்ட்மெண்ட் மேடம்" என்று காலையிலேயே வலையோடு இறங்கிவிட்டார். புதிதாய் ஒரு தொட்டி, இரண்டிலும் பலகை: ஆண்கள். பெண்கள். நான் வகுப்பு முடித்து வருவதற்குள் மீனெல்லாம் பிரித்தாகிவிட்டது.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியாதா? பெருசா, கம்பீரமா, சட்டை பேண்ட் கலர்ல இருக்கிறது ஜென்ட்ஸ். சின்னதா, கலர் கலரா, பாவாடை மாதிரி வால ஆட்டிக்கிட்டுத் திரியுறது லேடீஸ்."

எனக்கும் அப்போது தெரியாது.

பிப்ரவரி 9

ஆண்கள் தொட்டியில் குட்டி.

பிப்ரவரி 10

சேர்மன் ரங்கராஜுவைப் பார்த்த பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். "ஏனுங் ரங்கராஜு, ஆம்பள பெத்திருக்கறானா?" ரங்கராஜு விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் வெரிஃபை பண்ணிடறேன் சார்" என்றார்.

வேலை என்னிடம் வந்தது. உதவிக்கு மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அருளப்பன். தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் செய்தவர், காற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர். திண்டுக்கல்காரர். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிராளியின் காதைப் பார்த்துப் பேசுவார். எனக்கு அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை.

பிப்ரவரி 11

மாலையில் பிரித்தோம். கற்றுக்கொண்டதைக் குறித்து வைக்கிறேன். ரங்கராஜு சொன்னதை அப்படியே தலைகீழாக்கினால் சரியாக இருக்கும். சின்னதாய், ஒல்லியாய், மினுக்கிக்கொண்டு, பெரிய வாலை விரித்துக்கொண்டு திரிவது ஆண். பெரிதாய், வயிறு தள்ளி, சாம்பல் நிறத்தில் இருப்பது பெண். சந்தேகம் வந்தால் அடிவயிற்றுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அது விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஆணுக்குக் குச்சி மாதிரி நீண்டு பின்பக்கம் மடிந்திருக்கும். பெண்ணுக்கு அதன் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி, கர்ப்பம் முற்ற முற்றக் கறுக்கும்.

தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டு இரண்டு டைல்ஸ் இடைவெளி விட முடியாது. ரங்கராஜு சேர்மனிடம் கேட்டு வந்து, "மீன் வேலை நேரத்துல மட்டும் ஒரு டைல்ஸ்" என்று அனுமதி கொடுத்தார்.

அருளப்பன் ஒவ்வொரு மீனையும் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்குவார். நான் கீழிருந்து பார்த்துச் சொல்வேன்.

"குச்சியா, விசிறியா மேடம்?"

"விசிறி."

"இது?"

"ஆட்டாதீங்க. குச்சி."

"இவன் ரொம்ப நேரமா உங்களையே பாக்குறான்."

"மீனுக்குக் கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு சார். எல்லாரையும்தான் பாக்கும்."

"அப்ப என்னையும் பாக்குதோ?" என்றார், என் காதைப் பார்த்து.

முடிக்க நேரமாகிவிட்டது. வேகமாகச் செய்திருக்கலாம்.

பிப்ரவரி 16

ஆண்கள் தொட்டியில் பிரச்சினை. பெண்கள் இல்லாமல் போனதும் ஆண் மீன்கள் ஒன்றின் முன் ஒன்று வாலை விரித்து நடுங்கிக் காட்டுகின்றன. துரத்துகின்றன. சேர்மன் கண்ணாடியில் மூக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இவனுங்க என்ன பண்றானுங்க?"

அருளப்பன் சொன்னார்: "ரெக்கார்டு நோட்டு காட்டிக்கிறாங்க சார்."

"கூட்டத்தக் கலைச்சு வுடு."

அருளப்பன் தொட்டியில் கைவிட்டுக் கலைத்துவிட்டார். சேர்மன் போனதும் மீன்கள் திரும்பச் சேர்ந்துகொண்டன. எங்கள் ஆண்கள் விடுதியிலும் இப்படித்தான் நடக்கும்.

பிப்ரவரி 20

பெண்கள் தொட்டியில் குட்டி. கண்ணும் வாலுமாகப் பாசிக்குள் ஒளிந்து கிடக்கின்றன.

சேர்மன் என்னை நிற்கவைத்துக் கேட்டார். "ஒரு ஆம்பள மீனு உள்ள தங்கிருச்சு. சரியாப் பாக்கல நீ."

"எல்லாத்தையும் பாத்தேங்கய்யா. பெண் மீன் ஒருதடவை ஆண் மீனோட சேந்தாப் போதும். அந்த விந்த உள்ளயே சேத்து வெச்சுக்கும். மாசக்கணக்கா, ஆணே இல்லாம, மாசத்துக்கு ஒருக்கா குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்."

விந்து என்ற சொல்லுக்கு ரங்கராஜு விசிலைத் தொட்டார். சேர்மன் அதற்கு அசையவில்லை. தொழில் தெரிந்தவர். அதுதான் என் துரதிருஷ்டம்.

"எனக்கே பாடம் நடத்தறயா? சேவல எடுத்துப்போட்டாலும் முட்ட கொஞ்ச நாளைக்குப் பொரிக்கும். இல்லீன்னு சொல்லல. மூணாவது வாரம் நின்னுரும். அதுக்கப்பறமும் குஞ்சு வந்துச்சுன்னா, எவனோ உள்ள வந்துட்டுப் போறான்னு அர்த்தம். இருவது வருசம் பண்ணை நடத்துனவன் நானு."

"கோழிக்கு அப்படிங்கய்யா. கப்பிக்கு ஆறு மாசம்கூட…"

"கோழிய வுட மீனு ஒசத்தியா?"

இன்னும் மூன்று வாரம் கொடுத்தார். மார்ச் பதின்மூன்றாம் தேதி அவரே வந்து பார்ப்பார். அன்று தொட்டியில் குட்டி இருந்தால் யாரோ ஆணை உள்ளே விடுகிறார்கள் என்று பொருள், அதைக் கண்டுபிடிக்கும்வரை நான் எங்கும் போக முடியாது.

அவர் பயப்படுவது ஆணும் பெண்ணும் சேர்வதற்கல்ல. எந்த ஆண் எந்தப் பெண்ணோடு என்பதுதான் அவர் பயம். சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வி கேட்பார்கள்: "எங்க புள்ள மத்தவங்ககூடப் பழகாதுங்களே?" யார் அந்த மத்தவங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சேர்மனுக்குப் புரியும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டிடம் மொத்தமும் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டு மாடிப்படியும் அதற்குத்தான்.

பிப்ரவரி 22

விசாரணை. ரங்கராஜு கேமராப் பதிவை முழுக்கப் பார்த்துவிட்டார். ஆண் தொட்டியிலிருந்து பெண் தொட்டிக்கு எந்த மீனும் போனதாகத் தெரியவில்லை. "தெரியாத மாதிரி போயிருக்கான்" என்பது அவர் முடிவு.

இரண்டு தொட்டிக்கும் வலை மூடி. நடுவில் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று, ஒருவரையொருவர் பார்க்கவும் கூடாது. வரவேற்பறைக் கேமராவை ஏணி போட்டு இறக்கி, பெண்கள் தொட்டிக்கு நேர் மேலே, தொட்டியை மட்டும் பார்க்கும்படி மாட்டிவிட்டார். இனி அந்த அறையில் யார் யாரைக் கொன்றாலும் தெரியாது. மீன் மட்டும் தெரியும்.

பிப்ரவரி 25

மூன்றாவது தொட்டி வந்துவிட்டது. குட்டிகளுக்கு. சேர்மன் கேட்டார், இதில் எது ஆண், எது பெண்?

"இப்பத் தெரியாதுங்கய்யா. இன்னும் ஒரு மாசமாவது ஆகும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் மீன் தானுங்கய்யா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பலகையில் என்ன எழுதுவது என்று ரங்கராஜு மதியம் வரை யோசித்தார். கடைசியில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதித் தொங்கவிட்டார்.

மார்ச் 1

அருளப்பனுக்கு ஒரு யோசனை. பிறப்பதைத் தடுக்க முடியாது, பார்ப்பதைத் தடுக்கலாம். சேர்மன் ஒன்பதரைக்கு வருகிறார். நாம் எட்டு மணிக்கே வந்து புதுக் குட்டிகளை வலையில் அள்ளி அந்த மூன்றாவது தொட்டியில் சேர்த்துவிட்டால்? அங்கே ஏற்கெனவே இருப்பவற்றோடு கலந்துவிடும். யார் எண்ணப் போகிறார்கள்?

"ரங்கராஜு சார் கேமராவுல பாப்பாரே?"

"அவர் ஒன்பது மணிக்குத்தான் மேடம் வர்றார். பழசப் போட்டுப் பாக்க மாட்டார். முழுக்க ஒருதடவை பாத்ததுக்கே கண்ணு வீங்கிருச்சு."

சரி என்றேன். காலை எட்டு மணிக்கு வருவதில் எனக்கொன்றும் கஷ்டமில்லை. ஏழரைக்கே வரலாம்.

மார்ச் 3

குட்டி இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டியிருந்ததால் இருவரும் ஏழரைக்கே வந்துவிட்டோம். அவர் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டு வந்திருந்தார். ஒரு மூடிதான் இருந்தது.

மார்ச் 4

குட்டி இல்லை. அவருக்கு ஒரு அக்கா, பெயர் சகாயமேரி. தையல் கடை. இவருக்கு வெண்டைக்காய் ஆகாது. அம்மா இல்லை. தேவையில்லாத தகவல்கள்.

மார்ச் 6

வேதியியல் தனஞ்செயன் சாரை நிறுத்திவிட்டார்கள். நேற்று மழையில் நனைந்துகொண்டு நின்ற ஆங்கிலத் துறை மேடத்தைப் பேருந்து நிறுத்தம்வரை வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காலை பத்து மணிக்கு விசாரணை, பத்தரைக்கு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பழுப்பு உறை. அவருடைய அசல் சான்றிதழ்கள்!

இவர் இரண்டு வருடமாக ராஜினாமா கடிதத்தோடு அலைந்த மனிதர். எட்டுத் தடவை எழுதிக் கொடுத்தும் பீரோ திறக்கவில்லை. ஒரு பெண்ணை மழையில் ஏற்றிக்கொண்டதும் அரை மணியில் திறந்துவிட்டது. "அசிங்கம் ஒரு நிமிசம்கூட உள்ள இருக்கப்படாது" என்று சேர்மன் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாராம்.

தனஞ்செயன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். மனிதர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததே இல்லை. ஆங்கில மேடத்தை மட்டும் நிறுத்தவில்லை. அவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது நிறுத்துவதைவிட மோசம். வீட்டிலிருந்து அண்ணன்கள் வந்து கூட்டிப் போனார்கள். ஆணுக்கு உறை, பெண்ணுக்கு அண்ணன்கள்.

எனக்கு அண்ணன் இல்லை.

மார்ச் 9

நிறையக் குட்டி. அள்ளி மாற்றினோம். ஒன்று வலைக்குள் சிக்கவேயில்லை, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் துரத்தினோம். தண்ணீருக்குள் கை தட்டிக்கொண்டது. "சாரி மேடம்" என்றார். "பரவால்ல" என்றேன். மறுபடி தட்டிக்கொண்டது. தொட்டி சின்னது.

மார்ச் 13

முடிந்தது. எல்லாம் முடிந்தது.

காலை ஏழரைக்கு வந்து சலித்து எடுத்தோம். ஒரு குட்டி இல்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஒன்பதரைக்குச் சேர்மன் வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, முட்டி மடக்கி உட்கார்ந்து, மூலை மூலையாகப் பார்த்தார். பாசியை ஒரு குச்சியால் விலக்கச் சொன்னார். ரங்கராஜு விலக்கினார்.

"இல்லியே" என்றார் சேர்மன். "நாஞ் சொன்னனல்ல? மூணு வாரம். கோழிக்கும் மீனுக்கும் ஒரே கணக்குதான்." எழுந்தார். சட்டைப்பையிலிருந்து பீரோச் சாவியை எடுத்தார். நான் அந்தச் சாவியைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

அப்போது தொட்டியிலேயே பெரிய மீன், வயிறு சதுரமாகிப்போன ஒன்று, மேலே வந்து நின்றது. அசையாமல் நின்றது. பின்னாலிருந்து ஒரு சின்ன உருண்டை விழுந்தது. விழுந்து, சுருள் பிரிந்து, நீந்திப் போனது. அடுத்தது. அடுத்தது.

"என்ற கண்ணு முன்னாலயே" என்றார் சேர்மன்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடி போட்டு, காகிதம் ஒட்டி, கேமரா வைத்து, பலகை மாட்டி, இத்தனைக்கும் நடுவில் அது பாட்டுக்குத் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாவி பைக்குள் போய்விட்டது. "எவன்னு தெரியற வரைக்கும் ஒரு காகிதம் வெளிய போகாது. ஏப்ரல் முடியட்டும், பாக்கலாம்." காலில் விழவில்லை. ஆனால் கேட்கக் கூடாத குரலில் கேட்டேன். இருபதாம் தேதியைத் தவறவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றேன். இதுமாதிரி இன்னொன்று எனக்குக் கிடைக்காது என்றேன். "இங்கயே இரு, நல்ல பொண்ணு நீ" என்றார்.

மார்ச் 14

சாப்பிடவில்லை. யோசித்தேன்.

மார்ச் 16

இன்று காலையும் ஏழரைக்குப் போனேன். இனி அள்ளி என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் போனேன். அவரும் வந்திருந்தார்.

"சார், தனஞ்செயன் சாருக்கு அரை மணியில குடுத்தாங்க."

"தெரியும் மேடம்."

"எனக்கும் குடுக்கணும்னா ஒரு அசிங்கம் பண்ணணும்."

அவர் என் காதை விட்டுவிட்டு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "தனியாவா?"

"தனியா எப்படிப் பண்றது?"

காற்று மோட்டார்க் குழாயைச் சரிசெய்தார். அப்புறம் கேட்டார்: "கையப் பிடிச்சாப் போதுமா?"

"போதும்னு நெனைக்கிறேன். வண்டியில ஏத்துனதுக்கே குடுத்துருக்காங்க."

"எந்தக் கை?"

"எதுன்னாலும். உங்களுக்கு வேலை போயிடும் சார். யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுல…"

"என் சர்டிபிகேட்டும் அந்த பீரோவுலதான் மேடம் இருக்கு. நானும் நாலு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கும் இந்த அசிங்கம் உபயோகம்தான்."

உபயோகம் என்றுதான் சொன்னார். இதில் வேறு எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் சான்றிதழ் வேண்டும், அவ்வளவே. எழுதி வைக்கிறேன்.

நாளை பத்தரை மணி.

மார்ச் 17

பத்தரைக்கு வரவேற்பறையில், பெண்கள் தொட்டிக்கு முன்னால், கையைப் பிடித்துக்கொண்டோம். என் இடது கை, அவர் வலது கை. ஒர்க்‌ஷாப் கை. சொரசொரவென்று, சூடாக இருந்தது.

யாரும் வரவில்லை.

பெருக்குகிற அம்மா வந்தார். "கொஞ்சம் நகந்துக்குங் சாமி" என்றார். அப்படியே ஒன்றாக நகர்ந்துகொண்டோம். அவர் நிமிர்ந்து பார்க்கவேயில்லை. துடைத்துவிட்டுப் போய்விட்டார். சேர்க்கைக்கு வந்த ஒரு பெரியவர், "ஆபீஸ் எங்கீங்க?" என்று கேட்டார். அருளப்பன் இடது கையால் வழி காட்டினார். இரண்டாமாண்டு மாணவிகள் மூன்று பேர் வந்தார்கள். பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூவரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். போய்ச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் எங்களைக் காட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவேளை எரிச்சலாக இருக்கலாம்.

கை வியர்த்துவிட்டது. "மாத்திப் பிடிக்கலாமா மேடம்?" என்றார். "வேண்டாம், அந்த நேரத்துல பாத்துட்டா?" என்றேன்.

அப்போதுதான் அவர் மேலே பார்த்தார். கேமரா தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் ரங்கராஜு அறைக்கு நாங்களே போனோம். கையை விடவில்லை. கதவு குறுகல், பக்கவாட்டில் திரும்பி நுழைந்தோம். ரங்கராஜு திரையில் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், மீன் வேலையா?"

"இல்ல சார். நாங்க கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்."

பார்த்தார். "எதுக்கு?"

"சும்மாதான் சார்" என்றார் அருளப்பன்.

"எவ்வளவு நேரமா?"

"பத்தரைல இருந்து."

"என் கேமராவுல வரலையே!" ரங்கராஜு முகத்தில் அதிர்ச்சியைவிடத் துக்கம் அதிகமாக இருந்தது. "ஆதாரம் இல்லாம நான் எப்படி ரிப்போர்ட் பண்றது?"

"நீங்க இப்பப் பாக்குறீங்களே சார்."

அதை அவர் யோசித்திருக்கவில்லை. விசிலை எடுத்து ஊதினார். அந்தச் சின்ன அறைக்குள், இரண்டடி தூரத்தில் எங்கள் முகத்துக்கு நேராக, முழு மூச்சும் போட்டு ஊதினார்.

சேர்மன் அறையில் கத்தல் பத்து நிமிடம். உப்பிட்டவன், துரோகம், கோயில் மாதிரி இடம். நான் பீரோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பு அவர் குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டார்.

"நீ என்ன ஆளு? அவன் என்ன ஆளு?"

"நான் சிவிலுங்கய்யா. அவர் மெக்கானிக்கல்."

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் காரியத்தை முடித்தது. சேர்மன் மஞ்சள் கயிற்றைச் சுண்டி இழுத்தார், பீரோ திறந்தது. உள்ளே உறை உறையாக, அறுபது எழுபது பேருடைய ஆயுசு அடுக்கியிருந்தது. எங்கள் இரண்டை உருவித் தரையில் எறிந்தார். குனிந்து எடுக்க ஒரு கை போதவில்லை. உறை கிழிந்து தாள்கள் சிதறியிருந்தன. இருந்தாலும் எப்படியோ எடுத்துவிட்டோம்.

"ஏனுங் ரங்கராஜு, இவளுக்கு அண்ணந் தம்பி ஆராச்சும்?"

"அப்பா மட்டும்தான் சார். திருத்துறைப்பூண்டி."

"போனப் போடு."

வெளியே வந்து பிரித்து எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தைக் கரையான் தொட்டிருக்கிறது. எண்கள் தெரிகின்றன.

பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம். காம்பவுண்டுக்கு வெளியே எங்களைப் பிடிக்க யாருமில்லை, எங்கள் காரியமும் முடிந்துவிட்டது. கையை விட மறந்திருக்கிறோம்.

மார்ச் 18

அப்பா போன் செய்தார். கட்சிக் கூட்டங்களில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். நேற்று யாரோ கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்களாம்.

"என்னமோ சொல்றான்மா. உம் பொண்ணு ஒரு பையன் கையப் பிடிச்சா, மீன் குட்டி போட்டுச்சுங்கறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. சர்டிபிகேட்டு கைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"அது போதும். பையன் என்ன வேலை பாக்குறாரு?"

"இப்ப வேலை இல்லப்பா. நேத்துத்தான் போச்சு."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அநியாயமாத்தானே நிறுத்துனானுவ?"

"ஆமாம்பா."

"அப்ப சரி" என்றார்.

எதற்குச் சரி என்று நான் கேட்கவில்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஊருக்குப் போனதும் விளக்க வேண்டும்.

மார்ச் 20

சென்னை. வரிசை நீளம். மேசைக்குப் பின்னாலிருந்த அம்மா ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நன்னடத்தைச் சான்று கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஓர் அதிகாரியிடம் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அவருக்கு என்னைத் தெரியாது, அதனால் மிக நன்று என்று எழுதியிருந்தார். முத்திரை விழுந்தது. "அடுத்து" என்றார் அம்மா. அவ்வளவுதான். இதற்குத்தான்.

வெளியே அருளப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் சென்னையில் ஏதோ வேலை இருந்ததால் ஒன்றாக வந்தோம். என்ன வேலை என்று இப்போதுதான் கேட்டேன்.

"வரும்போது ஞாபகம் இருந்துச்சு மேடம்" என்றார்.

சாப்பிடுவதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது. சாலை அகலம், வண்டிகள் நிற்கவே இல்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க முடிந்தது. யாரும் விசில் ஊதவில்லை. மறுபக்கம் வந்த பிறகு விட்டிருக்கலாம். ஆனால் புது ஊர், எங்கே பார்த்தாலும் சாலைகள், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அதனால் அப்படியே வைத்துக்கொண்டோம்.